எதுக்காவது ஆகும்

தெருவுக்கு ஒருவர் இப்படி இருப்பார். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர், பனியன்காரர், காதிடுக்கில் பென்சில் வைத்திருப்பவர். பழைய இரும்பு வாங்குகிறவர் அவர் வாசலில் வண்டியை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் வியாபாரம் தலைகீழாகி, வண்டியில் இருக்கும் பேரிங் நாலு உள்ளே போய்விடும். கொல்லையில் விழுந்த தென்னை மட்டை வேலிப் படலாகும். தேங்காய் மட்டை ரோஜாத் தொட்டியில் ஈரம் காக்கும். ஓட்டை விழுந்த சைக்கிள் ட்யூப் வளையம் வளையமாக நறுக்கப்பட்டு, குழாய்க் கசிவிலிருந்து விளக்குமாற்றுப் பிடிவரை எல்லாவற்றுக்கும் கட்டுப் போடும். உள்ளாட்சித் தேர்தலில் தோற்றவரின் ஃப்ளெக்ஸ் பேனர் விறகுக் குவியலை மூடியிருக்கிறது. மழைக்காலம் முழுக்கக் கும்பிட்டபடி அவர் செய்யும் இந்தச் சேவையை, ஜெயித்தவர் வார்டுக்குச் செய்ததாகத் தகவல் இல்லை.

இவரைக் கஞ்சன் என்று சொல்லிவிடுவது சுலபம். எந்தக் கஞ்சனும் நாலு ரூபாய் வாஷருக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைக்க மாட்டான். பொருளை வடிவமைப்பவனுக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல விமர்சகர் இவர்தான் என்பது என் கட்சி. கடையில் நிற்பவர்கள் நிறத்தையும் விலையையும் பார்க்கிறார்கள். இவர் அது எந்த இடத்தில் போகும் என்று பார்க்கிறார். மிக்ஸியில் ஏதாவது சிக்கிக்கொண்டால் முதலில் அடிபடுவது கப்ளர். மோட்டார் பிழைத்துப் போகட்டும் என்று வேண்டுமென்றே பலவீனமாக வைத்த பாகம் அது. சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அதையும் கார்பன் பிரஷ்ஷையும் மாற்றி, இருபது வருஷத்து மிக்ஸியில் சட்னி அரைபடுவதைக் கேட்டபடி, "செஞ்சவன் யோசிச்சிருக்கான்" என்பார். அவர் கையிருப்பில் அதைவிடப் பெரிய விருது கிடையாது. அதே மனிதர் செல்போனைப் புரட்டும்போது முகம் சுருங்குகிறது. பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஐபோனின் அடியிலோ ஐந்து இதழ் வெட்டிய குட்டித் திருகாணி. அவருடைய ஸ்க்ரூ டிரைவர் எதுவும் அதில் உட்காராது. "தொறக்க விடலேன்னா அது எப்படிங்க நம்ம பொருள்?" என்று திண்ணையில் கேட்பார். கேட்டவர்கள் பேச்சை மாற்றுவார்கள். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் அதே கேள்வியைச் சட்டமாகவே எழுதிவிட்டது: 2023-இல் வந்த விதிமுறைப்படி, 2027 பிப்ரவரி முதல், சில விலக்குகள் போக, கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி வைத்தாக வேண்டும்.

இதெல்லாம் இல்லாதவன் பழக்கம், வசதி வந்தால் போய்விடும் என்பார்கள். வசதி வந்த பிறகுதான் இவர்களில் பலருக்கு டிரில்லிங் மெஷினே வருகிறது! சண்டிகரில் நேக் சந்த் சாலைத் துறை அரசு ஊழியர், சம்பளம் வந்துகொண்டிருந்தது. புது நகரத்துக்காக இடித்த ஊர்களின் கல்லையும், உடைந்த வளையலையும் பீங்கானையும் சேர்த்து, 1950களின் கடைசியிலிருந்து அரசு நிலத்திலேயே ரகசியமாகச் சிற்பத் தோட்டம் எழுப்பினார். கண்டுபிடித்த அதிகாரிகள் அதை இடித்துவிடவில்லை. 1976-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பரண் நிறைந்து கரப்பான் குடியேறிவிட்டது என்று நம் தெருக்காரரின் வீட்டம்மா சொல்லும் புகாருக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. சேர்த்ததில் பெரும்பகுதி எதற்கும் ஆகாது என்பது சேர்த்தவருக்கே தெரியும்.

உண்மையான ஆட்சேபம் மின்சாரத்தில் இருக்கிறது. கப்ளரின் சூட்சுமத்தை அத்தனை ரசிப்பவர், ஃப்யூஸ் போனால் மட்டும் தடித்த செம்புக் கம்பியைச் சொருகிவிட்டு "இனிமே போகாது" என்கிறார். போவதற்காகத்தான் அந்தக் கம்பியே! அது போகாவிட்டால் அடுத்துப் போவது வீட்டு வயரிங். இங்கே அவரைத் தடுத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதுதான் முறை. வந்தவர் ஃப்யூஸுக்குப் பதிலாக எம்.சி.பி. என்ற தானியங்கி ஸ்விட்சை மாட்டிவிட்டுப் போவார். அதில் கழற்றுவதற்குத் திருகாணியே இல்லை, ரிவெட் அடித்து மூடியிருக்கிறார்கள் என்று இவர் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிவார். திரியட்டும், அவரிடமிருந்து காப்பாற்றத்தான் அந்த ரிவெட்.