குடோனை விற்று ராக்கெட் வாங்கிய கதை

துவரம் பருப்பு மூட்டை என்ன விலைக்குப் போகும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற ஊர் விருதுநகர். பெட்டியில் ஒரு விலையை அச்சடித்துவிட்டு, அதில் 80 சதவீதத்தைத் தானே தள்ளுபடி செய்துகொள்கிற ஊர் சிவகாசி. விலை விவகாரத்தில் கரைகண்ட இந்த ஜில்லாவையே திணறடித்த பெருமை செல்போன் கம்பெனிகளைச் சேரும்.

ஆதியில் கூப்பிட்டவனுக்கும் காசு, எடுத்தவனுக்கும் காசு. கடன் கொடுத்தவர் போன் போட்டுத் திட்டுவார். கேட்டதற்கு நாம் பணம் கட்டுவோம். 2003-ல்தான் அந்தக் கொடுமை ஒழிந்தது. பிறகு ரேட் கட்டர், பூஸ்டர், ஃபுல் டாக்டைம் என்று பெட்டிக்கடைதோறும் ரீசார்ஜ் தோரணம் தொங்கியது.

"பத்து ரூபாய்க்கு ஈசி போடுங்க அண்ணாச்சி."

"பத்துக்கு ஏழரைதான்ப்பா வரும்."

"அது எனக்கு வந்து ரெண்டு வருசமாச்சு, நீங்க போடுங்க."

எஸ்எம்எஸ் பேக் போட்டவர்களுக்குத் தீபாவளியன்று வேறு வேட்டு. அன்றைக்குப் பேக் செல்லாமல் போனது, ஒவ்வொரு வாழ்த்துக்கும் தனிக் காசு. அந்த மாதிரி நாளுக்குக் கம்பெனிகள் வைத்த பெயர் 'பிளாக் அவுட் டே'. வருசம் முழுக்கத் தீபாவளிக்காகவே மருந்து செலுத்துகிற ஊரில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இந்தக் கூத்தில் நம்ம ஊர்ப் பிள்ளை ஏர்செல். 1999-ல் சிவசங்கரன் ஆரம்பித்தது. குருவி வெடி மாதிரி சின்னச் சின்ன ரீசார்ஜாக விற்றே தமிழ்நாட்டில் கொடிகட்டிப் பறந்தது. 2006-ல் மலேசியாவின் மேக்சிஸ் 74 சதவீதத்தை வாங்கியது. சூப்பர் கிங்ஸ் சட்டையில் பெயர் ஏறியது. அங்கேதான் கால் தரையில் நிற்கவில்லை. 2010-ல் தன்னுடைய 17,500 டவர்களை ஜிடிஎல் நிறுவனத்துக்கு 8,400 கோடிக்கு விற்றது. அதே வருசம் 3ஜி ஏலத்தில் 6,500 கோடியைக் கொட்டியது. குருவி வெடி வியாபாரி, பேன்சி ராக்கெட்டுக்கு ஆசைப்பட்டுக் குடோனை விற்ற கதைதான். சரக்கு வைக்க இனி வாடகை.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து ஓசியிலேயே பேசச் சொன்னது. ஓசிக்கு எந்த ரேட் கட்டர் போட்டிக்கு நிற்கும்? ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு பேசி வைத்த கல்யாணமும் 2017 அக்டோபரில் நின்றது. 2018 பிப்ரவரியில் டவர்க்காரர்களோடு தகராறு முற்றி, தமிழ்நாடு முழுக்க சிக்னல் நமுத்துப்போனது. அதே நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாறலாம் என்றால் 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். அனுப்ப சிக்னல் வேண்டும். அது இருந்தால் ஏன் மாறப்போகிறார்கள்? மாசக் கடைசியில் கம்பெனி திவால் மனு போட்டது.

மிஞ்சியவர்கள் விற்கிற ரீசார்ஜில் மாதத்துக்கு 28 நாள். அவர்கள் கணக்கில் வருசத்துக்கு 13 மாதம். காலண்டர் அடிக்கிற சிவகாசியில் இன்னும் 12-தான் அடிக்கிறார்கள்.