பக்கத்து நாற்காலி அண்ணன்

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலேறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தே தாரிக்கை முடித்துவிட்டுத்தான் அண்ணன் ஆபீசுக்கு வருவார். பங்சார் சவுத்திலும் இவரைப் பார்க்கலாம், சைபர்ஜெயாவிலும் பார்க்கலாம். "பசியாறியாச்சா தம்பி?" என்று கேட்டபடி உங்கள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டால், இன்றைக்கு ஜோடி புரோகிராமிங் என்று அர்த்தம்.

ஒருவர் தட்டுவது, மற்றவர் கூர்ந்து பார்த்து வழி சொல்வது, அவ்வப்போது இருவரும் இடம் மாறிக்கொள்வது: இதுதான் ஜோடி வேலையின் முறை. அண்ணனுக்கு அந்த மூன்றாவது விதியில் மட்டும் நம்பிக்கை கிடையாது. அவருடைய லேப்டாப்பில் எப்போதும் சார்ஜ் இருக்காது. "உன்னுதுல போடு தம்பி, நான் பார்த்துக்கறேன்." பார்ப்பது என்னவோ போனில், பழைய காடிகளின் விலையை. நடுநடுவே "அந்த அடைப்புக்குறி... ம்ம்... இல்ல, சரிதான்" என்பார். அன்றைய வழிகாட்டல் முடிந்தது.

கமிட் போடும்போதுதான் மனிதர் நிமிர்ந்து உட்காருவார்.

"தம்பி, கோ-ஆத்தர் வரி போட்டியா? கடைசில போடணும். மேல ஒரு வரி காலி விடு. கிட்ஹப்ல பதிஞ்ச மெயில்தான், ஆபீஸ் மெயில் வேணாம் லா, பச்சைக் கட்டம் விழாது." பிறகு அந்த முகவரியை எழுத்து எழுத்தாகச் சொல்வார், புள்ளி உட்பட. இந்த வரியைப் படித்து இருவர் பெயரிலும் பச்சைக் கட்டம் போட்டுக் கணக்கு வைக்கும் வசதியை கிட்ஹப் 2018 ஜனவரியில் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு வந்த எதையும் அண்ணன் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. இதை மட்டும் கரைத்துக் குடித்திருக்கிறார்.

சார்ஜ் இல்லாத லேப்டாப்பின் சூட்சுமம் பக் வரும் நாளில் விளங்கும். கோளாறான வரியை எழுதியது யார் என்று கண்டுபிடிக்க கிட்டில் 'பிளேம்' என்றொரு கட்டளை உண்டு. அது ஆத்தர் பெயரை மட்டும்தான் காட்டும். ஆத்தர் என்றால், யாருடைய மெஷினில் கமிட் போட்டார்களோ, பெரும்பாலும் அவர். கோ-ஆத்தர் வரியை அது ஏறெடுத்தும் பார்க்காது. பச்சைக் கட்டம் இருவருக்கும், பழி ஒருவருக்கு. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் அண்ணனை மனதில் வைத்துத்தான் கிட்டை எழுதினாரோ என்னவோ!

"பிளேம் போட்டுப் பாருங்க பாஸ்" என்று மேனேஜரிடம் முதலில் சொல்வதும் அவர்தான். நீங்கள் முறைத்தால், "நான் பக்கத்துலதானே இருந்தேன், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்பார். வருத்தத்தோடுதான் சொல்வார்.

இப்போது அவருக்கே ஒரு போட்டி வந்துவிட்டது. கோட் எழுதிக் கொடுக்கும் சில ஏஐ கருவிகள் அந்தக் கடைசி வரியில் தங்கள் பெயரைத் தாங்களே போட்டுக்கொள்கின்றன. நேற்று அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். முகம் சிவந்துவிட்டது.

"என்னா லா இது? சும்மா பக்கத்துல இருந்து யோசனை சொன்னதுக்கெல்லாம் பேரா? தூக்கு தம்பி அதை. என் பேருக்குக் கீழ இருக்கு பாரு, அதை மட்டும்."