வியர்த்தால்தான் தர்மம்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சுமார் 150 கிலோமீட்டர், கம்பெனி ஊழியர்கள் சைக்கிள் மிதித்து ஏழைப் பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை திரட்டுவதை மெச்சத்தான் வேண்டும். அந்தப் பணத்தை நேராகப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிவிடலாமே என்பவர்களுக்கு விவரம் போதாது. வியர்க்காத காசு ஏழைக்கு ஒட்டுமா? லட்ச ரூபாய் சைக்கிள், பெயர் அச்சடித்த ஜெர்சி, பின்னால் இளநீரும் பிசியோதெரபிஸ்டும் ஏறிய கார், தலைக்கு மேல் டிரோன். இத்தனையும் சேர்ந்தால்தான் புண்ணியம் கணக்கில் ஏறும். மாரத்தான் போன்ற ஒருமுறை நிகழ்ச்சிகளைச் சமூகப் பொறுப்புச் செலவில் சேர்க்கக் கூடாதென்று மத்திய அரசு 2014-இல் சொன்னதே என்றால், விளம்பரச் செலவு என்று ஒரு தலைப்பு சும்மாதானே கிடக்கிறது? மரக்காணம் பக்கம், துருப்பிடித்த சைக்கிளில் உப்பளத்துக்குப் போகும் தொழிலாளி படத்தில் விழுந்தாலும் பதற வேண்டாம். ‘பயனாளி’ என்று கீழே போட்டுக்கொள்ளலாம்.