தடைநூல் அபிமானி

தடைநூல் அபிமானி என்பவர், ஒரு புத்தகத்தை யாராவது நிறுத்தும்வரை அதன் பெயரையே கேள்விப்பட்டிராதவர். நிறுத்திய மறுநாள் காலைமுதல் அதன் பரம ரசிகர். தமிழ்நாடெங்கும் காணப்படும் இவ்வகையில் உடன்குடிக்காரர் தனி ரகம். வயது நாற்பத்தைந்துக்கு மேல், அறுபதுக்குள். வெள்ளை வேட்டி; சட்டைப் பையில் இரண்டு பேனா, அதில் ஒன்று எழுதாது. கருப்பட்டி மொத்த வியாபாரம், அல்லது அதை ஒட்டிய ஏதோ ஒரு தொழில். ஊருக்கே அண்ணாச்சி.

தொழிலை விட்டுவிட்டு இவரைப் புரிந்துகொள்ள முடியாது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023இல்தான். அந்தச் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் அண்ணாச்சியின் நாக்குக்கு அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. ஓலைக் கொட்டானில் வந்து இறங்கும் சரக்கை யார் பேச்சைக் கேட்டும் இவர் எடுப்பதில்லை. சிரட்டையில் வார்த்த கருப்பட்டி ஒன்றைக் கையில் எடுப்பார், தரையில் ஒரு தட்டுத் தட்டி உடைப்பார், உடைந்த வாயை வெயிலில் பிடிப்பார். மினுங்கினால் சீனி. மினுங்காவிட்டாலும் விடமாட்டார்; ஒரு துணுக்கை நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். கொண்டுவந்தவர் திருச்செந்தூர் முருகன்மேல் சத்தியம் செய்தாலும் கண் திறக்கும்வரை தராசு ஆடாது. இதே மனிதர் புத்தகம் என்று வந்தால் உடைக்காமல், நாக்கில் வைக்காமல், மூன்றாம் மனிதர் சொன்ன விலைக்கு மொத்தமாகக் கொள்முதல் செய்வார்.

மாலை ஆறு மணி வாக்கில், பஜாரில் கருப்பட்டிக் காபி போடும் கடை பெஞ்சில் இவரைக் காணலாம். உரையாடல் அநேகமாக இப்படிப் போகும்.

“அண்ணாச்சி, அந்தப் பொஸ்தகம் படிச்சியளா?”

“படிக்க எங்கடே விட்டான்? அதத்தான் தடை பண்ணிட்டாம்லா!”

“தடைக்கு முன்னால நாலு வருசம் கடையில கிடந்துச்சே, அண்ணாச்சி.”

“அப்போ எனக்கு யாவாரம் இருந்துச்சு.”

‘தடை’ என்ற ஒரே சொல்லை இவர் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவதால், அதன் வகைகளை இவ்விடத்தில் பிரித்துக் காட்டுவது அவசியமாகிறது. மாநில அரசு ஒரு நூலின் பிரதிகளைப் பறிமுதலுக்கு உரியவை என்று ஆணையிடுவது ஒன்று. முன்பு குற்ற நடைமுறைச் சட்டத்தின் 95ஆம் பிரிவிலும், 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98ஆம் பிரிவிலும் இதற்கு இடமுண்டு. ஆணையில் காரணத்தை எழுதியாக வேண்டும். பாதிக்கப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் உயர்நீதிமன்றம் போகலாம். அதாவது சட்டம் அரசைப் பார்த்து, முதலில் கருப்பட்டியை உடைத்துப் பார், பிறகு சொல் என்கிறது. அரசுகளுக்கு அந்தப் பொறுமை வாய்ப்பது அபூர்வம். பெரியாரின் இராமாயண நூலை உத்தரப்பிரதேச அரசு 1969இல் பறிமுதல் செய்தபோது, ஆட்சேபத்துக்கு என்ன காரணம் என்பதை ஆணையில் எழுதவே இல்லை. இந்திப் பதிப்பாளர் லலாய் சிங் வழக்காட, அலகாபாத் உயர்நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. 1976இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அண்ணாச்சி இதைச் சொல்லும்போது சம்பவம் நடந்த இடம் ஈரோடாகிவிடும்.

இறக்குமதித் தடை வேறு சாதி. சல்மான் ருஷ்டியின் நாவலை நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாதென்று 1988 அக்டோபரில் சுங்க அறிவிக்கை வந்தது. முப்பத்தாறு ஆண்டுகள் அதற்கு நாடே கட்டுப்பட்டு நடந்தது. வழக்கென்று வந்தபோது அந்த அறிவிக்கையை எந்த அதிகாரியாலும் எடுத்துக் காட்ட முடியவில்லை. அப்படியொன்று இல்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது என்று சொல்லி 2024 நவம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் வழக்கை முடித்தது. புத்தகத்தைத்தான் படிக்கவில்லை என்றால், தடையையும் யாரும் படித்திருக்கவில்லை. இந்தச் செய்தி உடன்குடி பெஞ்சில் பெரிய ஏமாற்றத்தை உண்டாக்கியது என்று ஊகிக்கலாம்.

இன்னும் உண்டு. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்தது. அதன்மேல் அரசின் தடையாணை எதுவும் கிடையாது. 2014 கடைசியில் திருச்செங்கோட்டில் எழுந்த எதிர்ப்பும், அதன் பிறகு அதிகாரிகள் கூட்டிய சமாதானப் பேச்சும் எழுத்தாளரைப் பேனாவைக் கீழே வைக்கச் செய்தன. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் தீர்ப்பளித்தது. பதிப்பாளரே பின்வாங்குவதும் நடக்கும். உவரியில் பிறந்த ஜோ டி குருஸ் ‘ஆழிசூழ் உலகு’ எழுதியவர். 2014 தேர்தலில் அவர் நரேந்திர மோடியை ஆதரித்ததும், அந்நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிடவிருந்த நவயானா பதிப்பகம் அதைக் கைவிட்டது. கைவிட்டவர்கள் கருத்துரிமை பேசுகிறவர்கள். உவரி உடன்குடிக்கு அதிக தூரமில்லை என்பதால் அண்ணாச்சி இதில் கட்சி எடுத்தே ஆகவேண்டியிருந்தது. யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் மூன்று நாள் காபிக்கடைப் பக்கமே வரவில்லை.

பாடத்திட்டத்திலிருந்து எடுப்பது இன்னொரு வகை. இந்தக் கடற்கரைப் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகள் திருநெல்வேலியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. அங்கே முதுகலை ஆங்கிலத்தில், மாவோயிஸ்டுகளோடு காட்டில் நடந்ததைப் பற்றி அருந்ததி ராய் எழுதிய நூல் 2017 முதல் பாடமாக இருந்தது. மாணவர் அமைப்பொன்றின் புகாரின்பேரில் 2020 நவம்பரில் அகற்றப்பட்டது. அந்த வாரத்தில் அபிமானிகளின் எண்ணிக்கை கிடுகிடுவென உயர்ந்தது. இருபக்கமும் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. அதற்குப் பதிலாக வைத்தது மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகள். கிருஷ்ணன் திருநெல்வேலியில் பிறந்தவர். தமிழின் முன்னோடி நாவலாசிரியரான, பெருங்குளம் அ. மாதவையாவின் மகன். காட்டுக்குள் நடந்து நடந்தே எழுதிய மனிதர். ஆக, காட்டில் நடந்த ஒருவர் போய் இன்னொருவர் வந்தார். வந்தவரை யாரும் தடை செய்யாததால் அண்ணாச்சி அவரை இன்னும் அறியார்.

அபிமானியின் வரலாற்றறிவு தலைப்புகளோடு நிற்கும். 1911இல் பாரதியின் ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ இரண்டையும் சென்னை அரசு தடை செய்தது இவருக்குத் தெரியும். அதே ஆண்டு ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டதையும் சேர்த்தே சொல்வார். எட்டயபுரம் தன் மாவட்டம் என்ற பெருமையில் குரல் ஏறும். ‘ஆறில் ஒரு பங்கு’ எதைப் பற்றியது என்று இளைஞர் யாராவது கேட்டுவிட்டால், பதில் தயார்: “பாகப்பிரிவினைடே. பனை விளையில ஆறில ஒரு பங்கு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனான்.” நாட்டு மக்களில் ஆறில் ஒரு பங்கினரைத் தீண்டாமையில் வைத்திருக்கும் கொடுமையைப் பேசும் கதை அது. பனை விளைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

1928இல் பாரதி பாடல்களை முதலில் தடை செய்தது பர்மா அரசு. அதைப் பார்த்துத்தான் சென்னை அரசும் செய்தது. கவிஞர் இறந்து அப்போது ஏழாண்டு. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி எழுந்து வாங்கு வாங்கென்று வாங்கினார். எந்த அரசு பிரதிகளைப் பறித்ததோ, அதே சென்னை அரசு 1949இல் பாரதி எழுத்துகளின் உரிமையை வாங்கி நாட்டுடைமை ஆக்கியது. அந்நாளைய தடைகளில் உண்மையான வாசகர் ஒருவர் உண்டு. அவர் அரசு மொழிபெயர்ப்பாளர். வரிவரியாகப் படித்து, ஆங்கிலத்தில் பெயர்த்து, எந்த வரியில் ராஜத்துரோகம் இருக்கிறதென்று குறித்து அனுப்புவது அவர் வேலை. பறித்தவற்றில் பிரதிகளை லண்டனுக்கும் அனுப்பி வைத்தார்கள். ஊரில் கறையான் தின்ற பல துண்டுப் பிரசுரங்கள் அந்தப் புண்ணியத்தில்தான் இன்றும் இருக்கின்றன.

தடைபடாத நூல் அபிமானிக்கு நூலே அல்ல. உடன்குடிக்கு வடக்கே, தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் அன்றீக்கே அன்றீக்கசு என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் பரதவரிடையே வாழ்ந்தார். 1578இல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. 1586இல் ‘அடியார் வரலாறு’ வந்தது. முத்துக் குளித்து வந்த காசில் பரதவர் கொடுத்த நன்கொடை அந்த அச்சுவேலையைத் தாங்கியது. முன்னதன் பிரதி ஹார்வர்டில், பின்னதன் பிரதி வாத்திகனில். யாரும் தடை செய்யாமலேயே ஊரைவிட்டுப் போன நூல்கள் இவை. அண்ணாச்சியிடம் இதைச் சொன்னால், “அதுல கேசு கீசு உண்டா?” என்பார். இல்லையென்றதும் காபியைக் குடிப்பார்.

அபிமானிக்கு எதிர் வகையொன்று அதே தெருவிலேயே வசிக்கிறது: தடை கோருபவர். இருவரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருப்பதால் இருவருக்கும் கிடைப்பது ஒரே படம்தான்: ஒரு பக்கம், அதில் சிவப்பு மை அடித்த நான்கு வரி. அந்த நான்கு வரிக்காக ஒருவர் மனு எழுதுவார், மற்றவர் கண்டனத் தீர்மானம் எழுதுவார். இருவருக்கும் தட்டச்சு செய்து கொடுப்பது ஒரே ஜெராக்ஸ் கடைத் தம்பி. முழுப் புத்தகத்தை வைத்திருப்பவரும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும், அதையும் பி.டி.எஃப் ஆக வைத்திருப்பார், பிரிண்ட் எடுக்கப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.

குலசேகரன்பட்டினம் தசராவுக்கு உடன்குடி வழியாகவும் கூட்டம் போகும். காளி, குரங்கு, போலீஸ் என்று விதவிதமாக வேஷம் கட்டிக் காணிக்கை வாங்குவார்கள்; சூரசம்ஹாரம் முடிந்து காப்பை அவிழ்த்ததும் கடைக்குத் திரும்புவார்கள். கலகக்கார வாசகர் வேஷத்துக்குக் காப்பு அவிழ்க்கும் நாள் எதுவும் குறிக்கப்படாததால், அண்ணாச்சி எந்நாளும் அதிலேயே இருக்கிறார். பதநீர்ப் பருவம் மட்டும் விலக்கு. அப்போது புத்தகமாவது ஒன்றாவது.

புத்தகம் வாங்கவே மாட்டார் என்பது அவதூறு. தூத்துக்குடிப் புத்தகத் திருவிழாவில் ‘தடைசெய்யப்பட்ட நூல்’ என்று அட்டையில் போட்டது எதுவும் இவர் கைக்குத் தப்பாது. அவை வீட்டு முன்னறைக் கண்ணாடி அலமாரிக்குப் போகும். பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படுவதில்லை. பிரித்தால் தூசி ஏறும் என்பது இவர் கட்சி.

தடை நீங்குவதோடு அபிமானமும் வற்றும். புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ இதற்குச் சரியான உதாரணம். 1946இல் வெளிவந்தது, 1948இல் தடை, 1971இல் தடை நீக்கம். ஐந்து காண்டம், 3100 பாடல். அண்ணாச்சி இருபது வருடமாக மேடையிலும் பெஞ்சிலும் இந்த எண்களை ஒப்பிக்கிறார். காவியத்தின் ஒரு பகுதி இப்போது ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இருக்கிறது. பரீட்சைக்கு முந்தைய இரவு மகள் பாடநூலைத் தூக்கிக்கொண்டு வந்து, “அப்பா, நீங்க மைக்குல பேசுவியள்லா, அந்தப் பாட்டு. இதுக்கு அர்த்தம் என்ன?” என்று கேட்டாள். அண்ணாச்சி புத்தகத்தை வாங்கினார், விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார், முதல் வரியை வாய்க்குள் ஒருமுறை முனகிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

“தமிழ் டீச்சர்ட்ட கேளு, மக்கா. எனக்கு லோடு வருது.”