கவுன்ட்டர் இலக்கணம்: பெரியாறு அணையின் காலைக் குறிப்பை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

பைத்தான் நிரலாளர்கள் பயன்படுத்தும் பிஎஸ்யூடில் என்ற கருவியிடம், ‘இந்தக் கணினியின் சிபியு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது?’ என்று, காத்திருக்க இடம் கொடாமல் முதன்முறை கேட்டால், 0.0 என்று பதில் வரும். உள்ளே விசிறி இரைந்துகொண்டிருக்கலாம், மேசை சுடலாம், பத்து நிரல்கள் ஒன்றையொன்று முண்டிக்கொண்டிருக்கலாம், பதில் 0.0தான். ஒற்று மிகுமா மிகாதா என்பதற்குப் பக்கம் பக்கமாக உரை கண்ட மரபு நம்முடையது. இந்தப் பூச்சியத்துக்கு ஒரு கட்டுரையாவது ஒதுக்காமல் விடுவது முறையாகாது. இங்கே நிறுவப்படும் கொள்கை இது: ஓடிக்கொண்டே இருக்கும் கவுன்ட்டர் தனியாக எதையும் சொல்லாது, இரண்டு வாசிப்புகளைக் கழித்து, இடைப்பட்ட நேரத்தால் வகுத்தால்தான் அது வாய் திறக்கும். இந்த உண்மையை விளங்கிக்கொள்ளக் கணினிப் பட்டம் தேவையில்லை. தேனி மாவட்ட நாளிதழ்ப் பக்கத்தில் அணைகளின் நிலவரத்தைத் தினமும் படிக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்காரர் எவருக்கும் அது முன்பே தெரியும். தெரியும் என்பது தெரியாமல் இருக்கலாம், அது வேறு.

முதற்சான்று அந்த நிலவரமே. பெரியாறு அணை நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை, இருப்பு இத்தனை மில்லியன் கன அடி. அடுத்து 71 அடி வைகை அணை, 57 அடி மஞ்சளாறு, 126.28 அடி சோத்துப்பாறை. (அந்தப் .28-ஐ விடாமல் அச்சிட்டுவரும் நேர்மை தனி ஆய்வுக்குரியது.) இவற்றுள் நீர்மட்டம் மட்டுமே கண்ணால் பார்த்து எழுதப்படுவது. நீர்வரத்தின் கதை வேறு. காட்டுக்குள் எத்தனையோ ஓடைகள் வந்து விழும் ஏரியில், வருகிற தண்ணீரை வாசலில் நின்று எண்ண முடியாது. நீர்த்தேக்கங்களில் பொதுவாகச் செய்வது, இன்றைய மட்டத்துக்குரிய இருப்பிலிருந்து நேற்றைய மட்டத்துக்குரிய இருப்பைக் கழித்து, இடையில் திறந்துவிட்டதைக் கூட்டி, கடந்த விநாடிகளால் வகுப்பது. விநாடிக்கு 1,000 கன அடி நாள் முழுவதும் ஓடினால் 86.4 மில்லியன் கன அடி. ஆகவே மட்டம் இம்மியும் அசையாத ஒரு நாளில் 1,000 கன அடி திறந்திருந்தால், ஆவியானதைத் தள்ளிவிட்டுப் பார்க்க, வந்ததும் 1,000 கன அடியே. மட்டத்தை மட்டும் பார்த்தவர் அன்று ஒன்றும் நடக்கவில்லை என்பார். கழித்துப் பார்த்தவருக்கோ, எட்டரைக் கோடி கன அடிக்கு மேல் தண்ணீர் தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியே மலையைக் கடந்து, லோயர் கேம்ப்பில் மின்சாரம் கொடுத்துவிட்டு, கூடலூர், கம்பம், உத்தமபாளையம் என்று போய்க்கொண்டிருந்தது தெரியும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நேற்றைய பதிவேடு காணாமல் போனால் இன்றைய நீர்வரத்தைக் கணக்கிட வழியில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும்.

இரண்டாம் சான்று கணினிக்குள் இருக்கிறது. லினக்ஸில் ‘ப்ராக்’ என்ற அடைவுக்குள் ‘ஸ்டாட்’ என்றொரு கோப்பு உண்டு. டிஸ்கில் தேடினால் கிடைக்காது. யாராவது படிக்க வரும்போது லினக்ஸின் உட்கருவான கெர்னல் அந்த நொடியில் எழுதிக் கொடுக்கும். கணினியை முடுக்கிய கணத்திலிருந்து ஒவ்வொரு சிபியுவும் பயனர் நிரலுக்காக எவ்வளவு நேரம் உழைத்தது, கெர்னலுக்காக எவ்வளவு, டிஸ்குக்காகக் காத்திருந்தது எவ்வளவு, சும்மா இருந்தது எவ்வளவு என்று அதில் வரிசையாக இருக்கும். கணக்கு பெரும்பாலும் விநாடியின் நூறில் ஒரு பங்கில். எட்டுச் சிபியு உள்ள ஒரு கணினி பத்து நாள் அணையாமல் ஓடியிருந்தால் இந்தக் கட்டங்களின் கூட்டுத்தொகை 69 கோடியைத் தாண்டும். சும்மா இருந்த நேரத்துக்குத் தனிக் கட்டம் ஒதுக்கி இவ்வளவு பொறுப்பாக எண்ணிவைக்கும் ஏற்பாட்டைத் தாயுமானவர் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். இப்போது கேள்வி: சும்மா இருந்த கணக்கு 60 கோடி என்று தெரிந்தால், கணினி இந்த நிமிடம் திணறுகிறதா தூங்குகிறதா? சொல்ல முடியாது. பத்து நாளின் சராசரி கிடைக்கும். இந்த நிமிடம் கிடைக்காது. ஜாம்பாவ்லோ ரொடோலா என்ற இத்தாலிய நிரலாளர் 2009-இல் வெளியிட்ட பிஎஸ்யூடில், லினக்ஸ், விண்டோஸ், மேக் என்று ஊருக்கொரு விதமாகக் கிடக்கும் இந்தக் கணக்குகளை ஒரே விதமாகக் கேட்டு வாங்கித் தருகிறது. முதல் முறை கேட்கும்போது கழிப்பதற்கு அதன் கையில் முந்தைய வாசிப்பு இல்லை. வந்த எண்களை மடியில் முடிந்துகொண்டு 0.0 என்கிறது. அடுத்த முறை கேட்டால் கழித்து, வகுத்து, சரியான சதவீதம் சொல்கிறது. முதல் விடையைப் பொருட்படுத்த வேண்டாம் என்று அதன் கையேடே எழுதிவைத்திருக்கிறது. விஎம்ஸ்டாட் என்ற பழைய கருவி இதே இக்கட்டில் வேறு வழி போகிறது: அதன் முதல் வரி, கணினி முடுக்கப்பட்ட நாளிலிருந்தான சராசரி. என் தீர்ப்பில் இரண்டுமே குற்றமுடையவை. காலி என்று விட்டிருக்க வேண்டிய இடத்தில் ஒன்று பூச்சியத்தையும் மற்றது பழங்கதையையும் எழுதுகிறது. பழங்கதையாவது நடந்த கதை. பூச்சியம் விடைபோல் தோன்றுவதால் கூடுதல் ஆபத்து.

சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என்று பிரிந்து, பிறர் கட்சியை முதலில் பேசவிட்டுப் பிறகு தன் கட்சியைச் சொல்கிறது. அந்தப் பொறுமை இங்கே இல்லாததால் இரண்டும் கலந்தே வரும். முதல் ஆட்சேபம் வலுவானது: ‘நீர்மட்டம் தனியாக ஒன்றும் சொல்லாதென்றால், 142 என்ற ஒற்றை எண்ணுக்காக இரண்டு மாநிலங்கள் இத்தனை ஆண்டு வழக்காடியது எதற்கு?’ 152 அடிவரை தேக்கக் கட்டப்பட்ட அணை. 1979-இல் 136 அடியாகக் குறைத்தார்கள். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடிவரை தேக்கலாம் என்றது. அதே ஆண்டு நவம்பரில் தண்ணீர் அந்த அளவைத் தொட்டது. வைகை அணையிலும் 66 அடிக்கு முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடிக்கு இரண்டாவது, 69 அடிக்கு மூன்றாவது. இங்கெல்லாம் யாரும் கழித்துக்கொண்டிருப்பதில்லை. எண் வந்தால் எச்சரிக்கை போகும். ஆட்சேபம் சரி. ஆனால் அது என் கொள்கையைக் கெடுக்கவில்லை, கூர்மையாக்குகிறது. ஏறி இறங்கக்கூடிய எண் ஒரு வகை; ஏறிக்கொண்டே போகும் எண் வேறு வகை. அணை மட்டமும், ரேமில் மீதமுள்ள இடமும், டிஸ்கில் நிரம்பிய அளவும் முதல் வகை. இவற்றுக்கு எல்லை குறித்து எச்சரிக்கை வைக்கலாம். சிபியு உழைத்த நேரமும், நெட்வொர்க்கில் இதுவரை போன பைட்டுகளும் இரண்டாம் வகை. பைட் கவுன்ட்டருக்கு ஓர் எல்லை வைத்து எச்சரிக்கை மணி கட்டினால், அது என்றாவது ஒருநாள் அடித்தே தீரும். அடித்தபின் கணினியை அணைக்கும்வரை நிற்காது. எண்ணை வாசிக்கும் முன் அது எந்த வகை என்று கேட்பதே இந்த இலக்கணத்தின் முதல் நூற்பா.

முதல் வகை எண்ணும் அப்படியொன்றும் வெள்ளந்தியானதல்ல. பெரியாறு அணையில் 104 அடிக்குக் கீழே உள்ள தண்ணீர் தமிழகத்துக்கு வரும் சுரங்கத்துக்கு எட்டாது. அதனால் 114 அடி என்ற செய்தியைப் படிக்கும் கூடலூர் விவசாயி மனசுக்குள் பத்தடி என்றுதான் எழுதிக்கொள்கிறார்; பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு ஜூனில் தண்ணீர் திறப்பார்களா என்பது அந்தப் பத்தடியைப் பொறுத்தது, 114-ஐப் பொறுத்தது அல்ல. ரேமில் இந்த ஏமாற்று தலைகீழாக நடக்கிறது. லினக்ஸ் சும்மா கிடக்கும் ரேமையெல்லாம் எடுத்து, டிஸ்கிலிருந்து படித்த கோப்புகளின் நகலை அதில் வைத்துக்கொள்ளும்; எவராவது இடம் கேட்டால் நகலைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கொடுக்கும். காலி இடம் என்ற எண்ணை மட்டும் பார்ப்பவர் ரேம் தீர்ந்தது என்று அலறி, புதியது வாங்கக் கடைக்கு ஓடுவார். உண்மையில் எடுக்கக்கூடியது எவ்வளவு என்பதைத் தனி எண்ணாகச் சொல்லும் வழக்கத்தை லினக்ஸ் கெர்னல் தன் 3.14 பதிப்பில் கொண்டுவந்தது. அது வெளிவந்தது 2014 மார்ச்சில், 142 அடித் தீர்ப்புக்குச் சில வாரங்கள் முன்பு. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை ஆய்வு நேர்மை கருதிச் சொல்லியாக வேண்டும். பிஎஸ்யூடிலில் இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும். எடுக்கக்கூடியதைப் படியுங்கள், காலி என்பதை விட்டுவிடுங்கள்.

இரண்டாம் ஆட்சேபம் வேகம் பற்றியது. அணை ஆமை வேகத்தில் ஏறுவது, சிபியு விநாடிக்குக் கோடிக்கணக்கில் வேலை பார்ப்பது. ஒன்றின் இலக்கணம் மற்றதற்கு எப்படிப் பொருந்தும்? பொருந்தும், மாறுவது இடைவெளி மட்டும். இந்த இடம் சற்று நின்று பார்க்கத்தக்கது, ஏனென்றால் பெரும்பாலான பிழைகள் இங்கேதான் நடக்கின்றன. மலையில் மாலையில் கொட்டித் தீர்த்த கோடை மழையால் ஒரே ஒரு மணி நேரம் விநாடிக்கு 12,000 கன அடி வந்து, பிறகு சுத்தமாக நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலைக் கணக்கில் அது வெறும் 500 கன அடியாகத் தெரியும். சுருளி அருவியில் குளிக்கப் போனவருக்கு அந்த 500 எந்த ஆறுதலும் தராது. கணினியிலும் இதே விதி: ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் வாசித்தால், ஒரு முழு விநாடி மூச்சுத் திணறிய சிபியு 1.7 சதவீதம் என்று சாதுவாக நிற்கும். அப்படியானால் இடைவெளியைக் குறுக்கிக்கொண்டே போகலாமா? அதற்கும் தடை உண்டு. கணக்கு விநாடியின் நூறில் ஒரு பங்கில் இருப்பதால், அவ்வளவு குறுகிய இடைவெளியில் ஒரே ஒரு துளிதான் விழும். விடை 0 அல்லது 100, நடுவில் ஒன்றுமில்லை. விநாடியின் பத்தில் ஒரு பங்கில் பத்துத் துளி. விடை பத்துப் பத்தாகத் தாவும். குறைந்தது 0.1 விநாடி விடுங்கள் என்று பிஎஸ்யூடிலின் கையேடு கேட்பது இதனால் நியாயமாகிறது. அணையிலும் நிமிடத்துக்கு ஒருமுறை மட்டம் பார்த்தால் கிடைப்பது காற்றின் அலை, நீர்வரத்து அல்ல. வெள்ளக் காலத்தில் மணிக்கொரு முறையும் மற்ற நாளில் காலைக்கொரு முறையும் பார்க்கும் வழக்கத்தில் கணினிக்காரர்கள் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது.

கழித்தலில் ஒரு விபத்தும் உண்டு: விடை மைனஸில் வருவது. அலையாலோ வாசிப்புப் பிழையாலோ மட்டம் கொஞ்சம் குறைந்து தெரிந்தால், அணைக்கு எதிர்மறை நீர்வரத்து வந்துவிடும். ஆறு மலை ஏறிப் போயிற்று என்று பொருள். கணினியில் இது கவுன்ட்டர் நிரம்பி வழிவதால் நேர்கிறது. 32 பிட்டில் எண்ணும் கவுன்ட்டர் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சத்தைத் தொட்டதும் மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். விநாடிக்கு 100 மெகாபிட் ஓடும் நெட்வொர்க்கில் பைட் கவுன்ட்டர் அந்த எல்லையை ஆறு நிமிடத்துக்குள் எட்டிவிடும். வழிந்தது தெரியாமல் கழித்தவருக்குப் பதிவிறக்க வேகம் மைனஸில் வரும். பிஎஸ்யூடில் முந்தைய எண்ணை நினைவில் வைத்து, புதியது குறைந்திருந்தால் பழையதைக் கூட்டிக்கொள்கிறது. கேட்காமலே செய்கிறது என்பதால் பாராட்டலாம். 32 பிட்டில் ஒன்றைக் கூட்டல்-கழித்தல் குறிக்கு ஒதுக்கிவிட்டு விநாடிகளை எண்ணும் பழைய யூனிக்ஸ் கடிகாரங்களுக்கும் 2038 ஜனவரி 19 அன்று இதே போன்ற கதி. 1886-இல் திருவிதாங்கூரோடு எழுதிய பெரியாறு குத்தகைக்கு 999 ஆண்டு. அன்றைக்கும் அதில் எண்ணூறு ஆண்டுக்கு மேல் மிச்சம் இருக்கும். கவுன்ட்டர் வடிவமைப்பதில் யார் தொலைநோக்கு உடையவர்கள் என்பதை வாசகர் முடிவுக்கு விடலாம்.

கடைசி ஆட்சேபம்தான் தத்துவச் சாயல் உடையது: அளப்பவரே அளவைக் கெடுக்கிறாரே? அளவுகோலைப் பார்ப்பதால் அணையில் ஒரு சொட்டும் குறையாது. ஆனால் சிபியுவின் வேலையை அளக்கும் நிரல் அதே சிபியுவில்தான் ஓடியாக வேண்டும். மொத்தக் கணக்கைக் கேட்பது மலிவு, ஒரு சிறு கோப்பைப் படித்தால் போதும். ஓடும் நிரல்களை ஒவ்வொன்றாக விசாரிக்கச் சொன்னால் பிஎஸ்யூடில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோப்பைத் திறக்க வேண்டும், நிரல்கள் சில நூறு இருந்தால் அத்தனை முறை. இந்த ஆட்சேபத்துக்கு என்னிடம் முழு மறுப்பு இல்லை, சிக்கன ஆலோசனை மட்டுமே. மொத்தக் கணக்கை விநாடிக்கொரு முறை பாருங்கள். நிரல் பட்டியலை நிமிடத்துக்கொரு முறை, அதுவும் சந்தேகம் வந்தால் மட்டும். கணினி ஏன் மந்தமாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க நான்கு கண்காணிப்புச் சன்னல்களைத் திறந்து வைத்திருப்பவர்கள், முதலில் அவற்றில் மூன்றை மூடிவிட்டு, ஒரு விநாடி பொறுத்து, மறுபடி வாசிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.