சாவா மூவா வரி

சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, நெய்யில் எரிய 90 ஆடோ 96 ஆடோ விட்டால் போதும். கிழட்டு ஆடு போனால் குட்டி வந்து கணக்கை நேர்செய்துவிடும். அதனால்தான் கல்வெட்டில் ‘சாவா மூவாப் பேராடு’ என்றார்கள். 1920-இல் வந்த நகராட்சிச் சட்டம் ஆட்டுக்குப் பதில் வீட்டுக்காரரைப் பிடித்தது. சொத்து வரிக்குள்ளேயே விளக்கு வரி. தெருவிளக்கு எரியட்டும், அணையட்டும். வரிக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை.

திருவண்ணாமலையும் 2024-இல் மாநகராட்சியாகிவிட்டது. ஆனால் அங்கே மலையின் 2,668 அடி உச்சியில் ஏற்றும் கார்த்திகைத் தீபத்துக்குப் பக்தர்கள் நெய்க்காணிக்கையைத் தாங்களாகவே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். யாருக்கும் டிமாண்ட் நோட்டீஸ் போவதில்லை. தெருவிளக்குக்கு அந்தக் கொடுப்பினை எந்த ஊரிலும் இல்லை. பல்பு போய்விட்டது என்று புகார் சொன்னால் முதல் கேள்வி, “கம்பத்து நம்பர் என்ன சார்?” இருட்டில் அதைப் படிக்க டார்ச் வாங்க வேண்டும். அதற்கு ஜிஎஸ்டி தனி.