கெட்டிமேளம் போன இடம்

பத்து வருஷமாகக் கத்தரிக்கு 'சி' விசை. புது எடிட்டிங் மென்பொருளில் அது 'பி'யாம். மூளை ஒப்புக்கொண்டுவிட்டது, விரல் இன்னும் பழைய முதலாளிக்கே விசுவாசம்.

2011-இல் ஃபைனல் கட் புரோ எக்ஸ் கொண்டுவந்த காந்த டைம்லைன் வகையறா இதுவும். ஒரு கிளிப்பை எடுத்தால், பின்னால் இருப்பவை பஸ் சீட்டில் நகர்ந்து உட்காருவதுபோல் இடத்தை நிரப்பிவிடும். (நம் பஸ்ஸில் யாரும் நகர்வதில்லை என்பது வேறு விஷயம்.)

முகூர்த்த வீடியோவில் பெரியப்பா கொட்டாவி விடுவதை மட்டும்தான் நீக்கினேன். அதோடு கோத்திருந்த கெட்டிமேளமும் கூடவே போய்விட்டது. மாப்பிள்ளை நிசப்தத்தில் தாலி கட்டுகிறார். 'அன்டூ' அடித்தேன், மேளம் வந்தது, பெரியப்பாவும் வாயைத் திறந்தபடியே வந்தார்.

வீடியோவை ஓட்டும் ஜே, கே, எல் விசைகள் மட்டும் இங்கேயும் மாறவில்லை. இப்போதைக்கு முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.